பதின்மூன்று கார், இருபத்தொரு நாற்காலி

ஒரு நகரம் வளர்கிறதா, செத்துக்கொண்டிருக்கிறதா, அல்லது செத்தபின் எழுந்து உட்கார்ந்திருக்கிறதா என்பதை அறிய இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட கருவிகளிலேயே துல்லியமானது சமையலறை நாற்காலி. கண்டுபிடித்தவன் நான். பொருளாதார அறிஞர்கள் மக்கள்தொகை, வேலைவாய்ப்பு, வீட்டு விலை என்று என்னென்னவோ வைத்துக்கொண்டு திணறுகிறார்கள், பாவம். நான் கால்டர்வில் நகரத்தின் டர்பின் தெருவில் நின்று நாற்காலிகளை எண்ணினேன், எல்லாம் விளங்கிவிட்டது. ஹுதாக் குடும்பத்தில் பிறந்தும் தெருவில் நாற்காலி போட்டு இடம் பிடிக்காத முதல் மனிதன் என்ற பெருமையும் என்னுடையதே. அந்தப் பெருமையோடுதான் சவப்பெட்டிக்குள் போவேன் என்று இருபத்தொரு வயதிலேயே அறிவித்தும் இருந்தேன்.

நாற்காலியின் வரலாறு எளியது. எங்கள் ஊர் ஆலை கதவுக் கீல் செய்தது. நாலாயிரம் பேர், மூன்று ஷிஃப்ட். அமெரிக்காவில் எந்தக் கதவைத் திறந்தாலும் கால்டர்வில்காரன் ஒருத்தனுடைய கைவேலையை அசைத்துத்தான் திறக்க வேண்டும் என்பார் அப்பா. ஆலையைச் சுற்றித் தெருக்கள் ஒடுக்கம், வீடுகள் தோளோடு தோள், கார் நிறுத்த எவன் வீட்டிலும் கொட்டகை கிடையாது. பனி கொட்டினால் வாசலில் நிற்கும் காரைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். தோண்டி எடுத்து வேலைக்குப் போனால், முந்தின ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் அந்தக் குழியில் தன் காரைச் சொருகிவிடுவான். அதற்குத்தான் நாற்காலி. பனியை அள்ளியவனுக்கே இடம். அவன் திரும்பும்வரை அவன் வீட்டு நாற்காலி அங்கே நிற்கும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத இந்தச் சட்டத்தைத்தான் கால்டர்வில்லில் ஒருவரும் மீறியதில்லை. எங்கள் ஊரில் கொலை நடந்திருக்கிறது. மேயர் ஒருவர் சிறைக்குப் போயிருக்கிறார். அடுத்தவன் நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்தியதில்லை.

பிறகு ஆலை மூடியது. கதவில் இருந்தது எங்கள் கீல் என்பதால் சத்தமே கேட்கவில்லை. ஆலைக்குப் பின்னால் வங்கி போனது, செருப்புக் கடை போனது, மூன்று மாதாகோவிலில் இரண்டு போயின. ஆட்கள் போனார்கள், ஆட்களோடு கார்களும் போயின. நாற்காலிகள் மட்டும் போகவில்லை. முன்பு பனிக்காலத்தில் மட்டும் தலைகாட்டியவை இப்போது ஜூலை வெயிலிலும் நின்றன. காவல் காக்க வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால் ஜனங்கள் காலியிடத்தைக் காவல் காத்தார்கள்.

எங்கள் எதிர்வீட்டு வெர்னா டாலிவர் இருபத்தேழு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவர் வாசலில் நின்றது ஒரு பழைய பேருந்தின் ஓட்டுநர் இருக்கை. சொந்தக் காரை விற்று ஆறு வருஷமாகிவிட்டது. காரில்லாதவருக்கு இடம் எதற்கு என்று ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கார் போச்சுன்னா எடத்தையும் விட்டுடணுமா? புருஷன் செத்தப்பறம் கட்டில்ல பாதிய அறுத்தா போட்டேன்? போ கண்ணு, போய்ப் படிக்கிற வேலையப் பாரு," என்றார்.

எங்கள் வீட்டு விஷயம் இன்னும் அழகு. எங்களிடம் இருந்தது அப்பாவின் பழைய பியூக் கார் ஒன்றே ஒன்று. அது எங்கள் வாசலில் நிற்கும். பக்கத்து வீடு இடிக்கப்பட்டு வெறும் புல்தரையாகிவிட்டது. நகராட்சி அதை ஒரு டாலருக்கு அப்பா தலையில் கட்டியிருந்தது. அந்தப் புல்தரைக்கு முன்னால், தெருவில், குரோமியக் கால்களும் மஞ்சள் இருக்கையுமாக ஒரு நாற்காலி நிற்கும். சமையலறையில் இருந்த நாலில் ஒன்று. இல்லாத வீட்டுக்கு முன்னால், இல்லாத காருக்காக, கூட்டமில்லாத தெருவில். இதைவிடத் தூய்மையான நாற்காலியை நான் கண்டதில்லை.

யாருக்கு என்று எனக்குத் தெரியாமலில்லை. அண்ணன் கர்ட்டுக்கு. அம்மா இறந்து இரண்டு வருஷம், ஆலை மூடி இரண்டு மாசம் ஆகியிருந்தபோது, ஒரு பிப்ரவரிக் காலையில் கர்ட் தன் பிக்கப் வண்டியில் பெட்டியை ஏற்றினான். ஆறு மாதத்தில் ஆலை திறந்துவிடும், பொறு என்றார் அப்பா. ஒரே இடத்தில் நின்று காத்திருப்பது நாற்காலிக்குத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டு கர்ட் ஹூஸ்டனுக்குப் போனான். சுற்றிலும் பனி, வண்டி நின்ற இடம் மட்டும் உலர்ந்த நீள்சதுரம். அப்பா சமையலறைக்குள் போய் மஞ்சள் நாற்காலியை எடுத்துவந்து அதன் நடுவில் வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குப்பிறகு ஒன்பது வருஷமாக இருவரும் மாதம் ஒருமுறை போனில் பேசினார்கள். அங்கே வெயில் எப்படி, இங்கே பனி எப்படி என்பதற்கு மேல் பேச்சு போனதில்லை. வா என்று இவர் சொல்லவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

"தெருவே காலியாக் கெடக்கு. யாருக்குப்பா இந்த எடம்?" என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது சீண்டுவேன்.

"ஆள் வர்றாங்க," என்பார். அவ்வளவுதான்.

அப்புறம் எங்கள் ஊருக்குப் புத்துயிர் வந்தது. அதைக் கையோடு கொண்டுவந்தவர் பிரென்ட் ஆஷ்கோம். வெளிமாநிலத்துக்காரர். நகரப் புத்துயிர் இயக்குநர் என்ற பதவி அவருக்காகவே உண்டானது. கனத்த வேலைக்காரப் பூட்ஸ் போட்டிருப்பார், அதில் ஒரு கீறல் இருக்காது. ஆலையின் கிழக்குப் பகுதி உயர்ந்த ஜன்னல் வைத்த வாடகை வீடுகளாக மாறியது. லேத் எந்திரங்கள் இருந்த இடத்தில் ஒரு பியர்க் கூடம் திறந்தார்கள். அதற்கு 'மூன்றாம் ஷிஃப்ட்' என்று பெயர். அப்பா முப்பத்தொரு வருஷம் மூன்றாம் ஷிஃப்டில் நின்றவர். விவரத்தைச் சொன்னேன். மூன்றாம் ஷிஃப்டுக்குள் போவதற்கு இவர்கள் காசு கொடுக்கிறார்களா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு அன்று முழுவதும் அவ்வப்போது தனியாகச் சிரித்தார்.

எனக்கும் புத்துயிரில் பங்கு கிடைத்தது. கல்லூரியில் நகரத் திட்டமிடல் படித்துக்கொண்டிருந்த என்னை ஆஷ்கோம் பகுதிநேரமாக எடுத்துக்கொண்டார். வேலை, பார்க்கிங் கணக்கெடுப்பு. பியர்க் கூடத்துக்கு வருகிறவர்கள் நிறுத்த இடமில்லாமல் திரும்பிப் போகிறார்கள், தெருக்களோ காலியாகக் கிடக்கின்றன, இது என்ன மர்மம் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஒரு வாரம் அட்டையும் பென்சிலுமாகத் தெருத்தெருவாக நடந்தேன். டர்பின் தெருவைப் பற்றி என் அறிக்கையில் இப்படி இருந்தது: கார் நிறுத்தும் இடங்கள் முப்பத்துநான்கு, நிற்கும் கார்கள் பதின்மூன்று, நிற்கும் நாற்காலிகள் இருபத்தொன்று. இருபத்தொன்றில் ஒன்று எங்களுடையது என்பதை எழுதவில்லை. புள்ளிவிவரத்தில் உறவு பார்க்கக் கூடாது.

எண்ணிக்கையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "ஓடிப்போன கணவனுக்குத் தினமும் தட்டு வைக்கும் மனைவிபோல இந்த நகரம் ஓடிப்போன கார்களுக்கு நாற்காலி வைக்கிறது" என்று ஒரு வரி. "கால்டர்வில்லில் இன்று முழுநேர வேலையில் இருப்பவை நாற்காலிகள் மட்டுமே" என்று இன்னொரு வரி. நாற்காலிகளைத் தடைசெய்ய ஆஷ்கோம் கவுன்சிலில் கொண்டுவரவிருந்த தீர்மானத்துக்கான வாசகத்தையும் நானே எழுதிக்கொடுத்தேன்: வாகனம் அல்லாத, ஆளில்லாத எந்தப் பொருளும் தெருவில் வைக்கப்படக் கூடாது. 'ஆளில்லாத' என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான். குழந்தை வண்டியோடு தெருவைக் கடக்கும் தாய்க்கு அபராதம் போட்டுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்.

அக்டோபரில் கவுன்சில் கூட்டம். கூட்டம் என்றால் வழக்கமாக ஏழு உறுப்பினர், ஒரு காவலர், தூங்க வருகிற ஒருவர். அன்று இடம் போதாமல் ஜனம் சுவரோரமாக நின்றது. நகராட்சி மண்டபத்தில் நாற்காலி பற்றாக்குறை என்பதை அன்றுதான் பார்த்தேன். வெர்னா வந்திருந்தார். அப்பா வந்திருந்தார். ஆகஸ்டில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர், கைத்தடியோடு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் புரொஜெக்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கியிருந்தேன். நான் ஏதோ நகராட்சி வேலை பார்க்கிறேன் என்பது வரை அவருக்குத் தெரியும்.

ஆஷ்கோம் நன்றாகப் பேசினார். தட்டு வைக்கும் மனைவி வரிக்கு உறுப்பினர்கள் சிரித்தார்கள். முழுநேர வேலை வரிக்கு காவலர்கூடச் சிரித்தார். முடிக்கும்போது, நியாயமான மனிதர் அல்லவா, பெருமையைத் தானே வைத்துக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லைங்க. உங்க ஊர்ப் பையன், டர்பின் தெருவுலயே பொறந்து வளந்தவர், டோபியாஸ் ஹுதாக் எழுதினது. டோபியாஸ், கொஞ்சம் எழுந்திருங்க."

எழுந்தேன். எழுந்தால் எல்லோருக்கும் தெரிகிற உயரம் எனக்கு. வெர்னா முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார், பேருந்தின் பின்சீட்டில் பபிள்கம் ஒட்டியவனைப் பார்க்கிற அதே பார்வை.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். அப்பா பெயர் கொடுத்திருந்தார். கையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது, இரண்டு நாளாக மேஜையில் உட்கார்ந்து எழுதியது. ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று, காகிதத்தைப் பிரித்து, பார்த்து, மறுபடி நாலாக மடித்தார்.

"எமில் ஹுதாக். டர்பின் தெரு. அவன் என் பையன்," என்றார். "அவன் எண்ணுனது சரியாத்தான் இருக்கும். சின்ன வயசுலேர்ந்தே கணக்குல கெட்டி."

போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி மிச்சம். ஐந்துக்கு இரண்டு என்று தீர்மானம் நிறைவேறியது.

 வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன், நல்ல பதில்கள், வீணாகிப் போயின. அடுத்த செவ்வாய்க்கிழமை நகராட்சி லாரி வந்து நாற்காலிகளை அள்ளியது. வெர்னாவின் ஓட்டுநர் இருக்கையைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். அதில் ஒருவனைச் சின்ன வயதில் பேருந்தில் ஏற்றிச் சென்றவர் அவர்தான் என்பதால், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு என்று வாசலில் நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மஞ்சள் நாற்காலியை ஒருவன் ஒற்றைக் கையில் எடுத்துப்போனான்.

ஊர் முழுக்க மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு. குப்பைக்குப் போகவில்லை. புத்துயிர் எதையும் குப்பையில் போடாது. வெளியூர்ச் சிற்பி ஒருவரை வரவழைத்து, ஆலையின் செங்கல் சுவரில் நூற்றுப்பன்னிரண்டையும் வரிசையாக மாட்டி, கீழே விளக்குப் போட்டு, 'காத்திருப்பு' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் நாற்காலிப் பண்பாட்டைப் போற்றுகிறதாம். எங்கெங்கிருந்தோ வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துவிட்டு, நாற்காலிகள் இல்லாத தெருக்களில் நிறுத்திய கார்களுக்குத் திரும்பினார்கள். டர்பின் தெருவில் முப்பத்துநான்கு இடத்திலும் இப்போது கார். என் கண்டுபிடிப்பின்படி நகரம் நலம்.

அப்பா ஒருநாள் அந்தச் சுவரைப் பார்க்கப் போய்விட்டு வந்து சொன்னார்: "மூணாவது வரிசையில நம்மளுது. வலது பின்னங்கால்ல ஆணி ஆடுது. யார் தலையிலயாவது விழப்போவுது. உங்க ஆபீஸ்ல சொல்லு." அந்த விஷயத்தில் அவர் வெளியிட்ட ஒரே கருத்து அது.

டிசம்பர் தொடக்கத்தில் கர்ட்டிடமிருந்து போன். பேச்சு வழக்கம்போல வெயிலில் தொடங்கியது, பனிக்கு வந்தது, அங்கே நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பழைய ஆலையின் வாடகை வீடுகளுக்குக் கொதிகலன் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறார்களாம், இவனைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வடக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றிலும் ஒரு வேலை உறுதியாகக் கையில் இருக்கிறதாம். சனிக்கிழமை இந்தப் பக்கமாகத்தான் வருகிறான். அப்பா போனை ஒலிபெருக்கியில் வைத்திருந்ததால் கடைசி வரியை நானும் கேட்டேன்.

"வாசல்ல எடம் இருந்தா நிறுத்துறேன்பா. இல்லன்னா அப்படியே ஒரு ரவுண்டு பாத்துட்டுப் போயிடறேன்."

கர்ட் விளையாட்டாகச் சொன்னான். ஒன்பது வருஷம் கழித்து வருகிறவனுக்குத் திரும்பிப் போக ஒரு சாக்கு கையில் இருந்தால் தைரியமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அப்பா கீல் ஆலைக்காரர். இத்தனை அங்குலம் என்றால் இத்தனை அங்குலம்தான். போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய்த் தெருவைப் பார்த்தார். புல்தரைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார், அதன் பின்னால் ஒரு நீலக் கார், அதன் பின்னால் இன்னொன்று.

அந்தச் சனிக்கிழமைதான் ஆஷ்கோமின் முதல் கீல் திருவிழாவும். ஐயாயிரம் பேர் வருவார்கள் என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளி ராத்திரியிலிருந்து பனி வேறு.

காலை எட்டரைக்கு வெள்ளைக் கார்க்காரன் கிளம்பினான். சக்கரம் தெருமுனை திரும்புமுன் அப்பா அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். கோட்டு, காது மூடிய குல்லாய், கைத்தடி. ஒன்பது மணிக்கும் நின்றார். பின்னாலிருந்த நீலக் காரும் போனபோது ஐந்தடி பின்னால் நகர்ந்து, இரண்டு இடத்துக்கும் நடுவில் நின்றார். திருவிழாக்காரர்கள் வந்து ஹாரன் அடித்தார்கள். அவர் கைத்தடியை உயர்த்தி, ஆள் வருகிறார்கள் என்று காட்டுவார். கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள்.

எதிர்வாசலிலிருந்து வெர்னா குரல் கொடுத்தார். "எமில், அந்தப் புது இடுப்புக்கு எத்தன வருஷம் கேரண்டி?"

"பதினஞ்சு."

"இன்னிக்கு மத்தியானத்தோட முடியும் போலிருக்கே." பிறகு ஜன்னலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார். "டோபி கண்ணா, இதையும் எண்ணி எழுதிக்கோ. கெழவன் ஒண்ணு, கைத்தடி ஒண்ணு."

அப்பாவை உள்ளே கூப்பிட்டுப் பார்த்தேன். சட்டப்படிதான் நிற்கிறேன் என்றார். தீர்மானத்தை வரிவரியாகப் படித்திருக்கிறார். ஆளில்லாத பொருள்தானே கூடாது, நான் ஆள்தானே, யாரோ விவரமாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றார். முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. அதுதான் பிரச்சினை. பத்தேகாலுக்கு அவர் கைத்தடியை இடக்கைக்கு மாற்றினார், பத்தரைக்கு வலக்கைக்கு. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

சமையலறையில் மஞ்சள் நாற்காலி மூன்று இருந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அறிவியல் நோக்கில் சொன்னால் இது நாற்காலி போடுவது ஆகாது. ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி வேறு, ஆளில்லாத நாற்காலி வேறு. முன்னது ஓய்வு, பின்னதுதான் ஆக்கிரமிப்பு. இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அரையடி பின்னால தள்ளிப் போடு. அங்க பள்ளம் இருக்கு, ஆடும்," என்று சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றி உள்ளே போனார்.

உட்கார்ந்தேன். மடியில் பனி விழுந்தது. முதல் அரைமணியில் மூன்று பேர் கேட்டார்கள், மூவருக்கும் சட்டத்தை விளக்கினேன். நாலாவதாக வந்து நின்ற கார் எனக்குப் பழக்கமானது. கண்ணாடி இறங்கியது. ஆஷ்கோம்தான். தன் திருவிழாவுக்கே நிறுத்த இடம் கிடைக்காமல் நாற்பது நிமிடமாகச் சுற்றுகிறாராம்.

"டோபியாஸ்! நல்லவேளை. கிளம்பப் போறீங்களா?"

பல நல்ல வரிகள் வாய்வரை வந்தன. எல்லாமே என் அறிக்கையில் ஏற்கெனவே இருந்தவை.

"ஆள் வர்றாங்க," என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், அதன் குரோமியக் காலைப் பார்த்தார். சுவரில் மாட்ட இன்னொன்று கிடைத்த சந்தோஷமா, வேறேதாவதா, தெரியவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

பன்னிரண்டேகாலுக்கு என் பாக்கெட்டில் போன் அடித்தது. கர்ட். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிவிட்டானாம், ஊரே காராக இருக்கிறதே, யாராவது செத்துவிட்டார்களா என்றான். இல்லை, பிழைத்துக்கொண்டோம் என்றேன். 

"எடம் இருக்காடா?"

"இருக்கு."

"ஒண்ணு பத்தாது, டோபி. பின்னால டிரெய்லர் மாட்டியிருக்கேன். கட்டில், பீரோ எல்லாம் அதுல. ரெண்டு வண்டி நீளம் வேணும்." என்றான். "இல்லன்னா பரவால்ல, நான் அப்படியே வடக்க…"

"ரெண்டு வண்டி நீளம் இருக்கு. வா," என்றேன்.

போனை வைத்தேன். தெருமுனையில் ஒரு பெரிய கறுப்புக் கார் திரும்பி மெதுவாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. எழுந்து உள்ளே போனேன். சமையலறையில் அப்பா அடுப்பின் முன்னால் முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. மீதி இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதல் நாற்காலியைப் புல்தரையின் முன்முனைக்கு நகர்த்தி, இரண்டாவதைப் பின்முனையில் வைத்தேன். ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இரண்டும் காலியாக நின்றன.

எதிர்வாசலில் வெர்னா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் தன் பனி மண்வெட்டியைக் கொண்டுவந்து வாசல் கம்பியில் சாய்த்துவைத்தார்.

அதை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் பனியை அள்ள ஆரம்பித்தேன்.